பேடில் ஷிஃப்டர் முழு வழிகாட்டி: மலை இறக்கம் முதல் ஓவர்டேக் வரை

ஆட்டோமேட்டிக் காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், விரல் எட்டும் தூரத்தில், இடமும் வலமுமாக இரண்டு சின்னத் தகடுகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் பேடில் ஷிஃப்டர். வலது தகட்டில் + குறி, இடது தகட்டில் − குறி. வலதை இழுத்தால் கியர் ஒன்று கூடும், இடதை இழுத்தால் ஒன்று குறையும்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்குப் போனால் விற்பனைப் பிரதிநிதி வலது பேடிலைத் தட்டிக் காட்டி, "ரேஸ் கார் மாதிரி இருக்கும் சார்" என்பார். வண்டி எடுத்த புதிதில் கொஞ்ச நாள் விளையாடிப் பார்ப்போம், அப்புறம் மறந்துவிடுவோம். டாப் வேரியன்ட்டுக்குக் கொடுத்த காசு வீண் என்று நினைப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், குடும்பக் காரில் வலது பேடில் இல்லாவிட்டால்கூடப் பெரிய நஷ்டமில்லை. இடது பேடிலுக்குத்தான் வேலை அதிகம். மலை இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்றுவதும், ஹைவேயில் லாரியைத் தாண்டும்போது தாமதத்தைக் குறைப்பதும் அதுதான். மற்ற நேரங்களில் பேடிலைத் தொடாமல் ஓட்டலாம். அதற்காகத்தானே ஆட்டோமேட்டிக் வாங்கினோம்.

ரேஸ் கார் பேச்சிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதைக் கொண்டுவந்தது ஃபெராரி. 1989-ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் கியர் லீவரை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்தார்கள். ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம், காக்பிட்டையும் ஒடுக்கமாக்கலாம் என்பது கணக்கு. அந்த ஆண்டின் முதல் பந்தயமான பிரேசில் கிராண்ட் பிரீயில் அதே காரை ஓட்டி நைஜல் மேன்சல் ஜெயித்தார். 1997-ல் ஃபெராரி எஃப்355 மூலம் பேடில் சாலைக்கு வந்தது. இன்றைக்கு ஃப்ரான்க்ஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்டர், நெக்ஸான், சிட்டி என்று நம் தெருவில் நிற்கும் கார்களின் சில ஆட்டோமேட்டிக் வேரியன்ட்களிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் கியர்பாக்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேடில் வெறும் சுவிட்ச்தான். நீங்கள் இழுத்ததும் "ஒரு கியர் குறை" என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போகிறது, வேலையைச் செய்வது கியர்பாக்ஸ். அதனால் ஒரே இழுப்புக்கு ஒவ்வொரு காரும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லும்.

எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை (பிரெஸ்ஸா, எர்டிகா போன்ற கார்களில் வரும் 6 ஸ்பீடு) மென்மையானது. இழுத்துவிட்டு ஒரு கணம் காத்திருந்தால் குலுங்காமல் மாறும். டிசிடி அல்லது டிஎஸ்ஜி எனப்படும் இரட்டை கிளட்ச் வகைதான் பேடிலுக்கென்றே பிறந்தது. அடுத்த கியரைத் தயாராக வைத்திருப்பதால் இழுத்த மாத்திரத்தில் மாறும். சிவிடி-யில் உண்மையில் கியர்களே கிடையாது, பெல்ட்டும் புல்லியும்தான். ஹோண்டா சிட்டியில் தெரியும் 7 படிகள் கம்ப்யூட்டர் உருவாக்கிக் காட்டுபவை. ஆனாலும் இடது பேடிலை இழுத்தால் எஞ்சின் சுழற்சி ஏறும், வண்டியைப் பிடித்து இழுக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

கடைசியாக ஏஎம்டி. இது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அமுக்குகிறது. எக்ஸ்டர், நெக்ஸான் ஏஎம்டி-களில் பேடில் வருகிறது. கியர் மாறும்போது வண்டி முன்னால் தலையாட்டும் என்பது ஏஎம்டி-யின் பிறவிக் குணம். பேடில் வைத்து அதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம்: வலது பேடிலை இழுக்கும் அதே நொடியில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தளர்த்தி, கியர் விழுந்ததும் மறுபடி கொடுங்கள். மேனுவல் ஓட்டிப் பழகிய காலுக்கு இது தானாகவே வரும்.

பேடிலே இல்லாத ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களும் தொடர்ந்து படிக்கலாம். கியர் லீவரை எம் (மேனுவல்) பக்கம் தள்ளி + − செய்யும் வசதி பெரும்பாலும் இருக்கும், முறை ஒன்றுதான். ஒரே தொல்லை, சில கார்களில் லீவரை முன்னால் தள்ளினால் கூடும், சிலவற்றில் பின்னால் இழுத்தால் கூடும். பேடிலில் இந்தக் குழப்பம் இல்லை, இன்றைய கார்களில் ஏறக்குறைய எந்த கம்பெனியாக இருந்தாலும் வலது கூட்டல், இடது கழித்தல்.

கை எங்கே இருக்க வேண்டும்?

கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இருக்கும் இடங்களில் இரண்டு கையும் இருக்கட்டும். கட்டைவிரல் முன்பக்கம், ஆள்காட்டி விரலோ நடுவிரலோ பேடிலின் மேல். உள்ளங்கை ஸ்டீயரிங்கை விடக்கூடாது. ஒரு கையை ஜன்னலில் வைத்து மறு கையால் 12 மணியில் பிடித்து ஓட்டும் பழக்கம் இருந்தால் பேடில் உங்களுக்கு எட்டவே எட்டாது.

தட்டினால் போதும், அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. ஒரு தட்டுக்கு ஒரு கியர். இரண்டு கியர் குறைய வேண்டுமென்றால் இரண்டு தனித்தனித் தட்டு. இரண்டு பேடிலையும் சேர்த்து இழுக்காதீர்கள், பல கார்களில் கியர் மாறாமல் நின்றுவிடும். இன்டிகேட்டர், வைப்பர் தண்டுகளும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. வண்டியை நிறுத்திவைத்து, கண்ணால் பார்க்காமல் விரலால் எது எது என்று தடவிப் பழகுங்கள். இன்டிகேட்டர் போட நினைத்து கியரைக் குறைப்பது புதிதாகப் பழகுபவர்களுக்கு வழக்கமாக நடப்பதுதான்.

இன்னொரு விஷயம் பெரும்பாலானவர்கள் வளைவுக்குப் போன பிறகே கவனிக்கிறார்கள். குடும்பக் கார்களில் பேடில் ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருக்கிறது, அதோடு சேர்ந்தே சுற்றும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை அரைச் சுற்று சுற்றினால் இடது பேடில் வலது பக்கம் போய்விடும், − இருந்த இடத்தில் + வந்து நிற்கும். அந்த நேரத்தில் கியர் மாற்ற விரல் தேடினால் தப்பாகத்தான் போகும். ஆகவே ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே கியர் மாற்றும் வேலையை முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பேடிலைத் தொடவே வேண்டாம்.

முதல் பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலை. லீவரை டி-யில் (கார் தானாகவே கியர் மாற்றும் நிலை) போட்டு 40 கி.மீ. வேகத்துக்குப் போங்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாக வைத்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) 1500-ஐ ஒட்டி இருக்கும். இப்போது இடது பேடிலை ஒரு முறை தட்டுங்கள். திரையில் டி போய் எம் என்றோ, ஒரு எண்ணோ வரும், ஆர்பிஎம் முள் மேலே ஏறும், எஞ்சின் சத்தம் கூடும். இன்னொரு தட்டு. இப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுங்கள். பிரேக்கை மிதிக்காமலேயே வண்டி இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் குறையும். அதுதான் எஞ்சின் பிரேக்கிங். அந்த இழுவை எவ்வளவு என்று உடம்புக்குத் தெரியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாம் கியரில் காலை எடுத்தால் எவ்வளவு பிடிக்கிறது, மூன்றாவதில் எவ்வளவு என்கிற வித்தியாசம் மனதில் பதிய வேண்டும்.

அடுத்து, வலது பேடிலைத் தட்டி ஒவ்வொன்றாக மேலே போங்கள். பிறகு மறுபடி டி-க்குத் திரும்புவது எப்படி என்று உங்கள் காரில் கண்டுபிடியுங்கள். இது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் வலது பேடிலைச் சில விநாடி பிடித்து இழுத்தால் டி-க்குப் போகும். சிலவற்றில் சும்மா சீராக ஓட்டினாலே சற்று நேரத்தில் தானாகத் திரும்பிவிடும். பெரும்பாலான கார்களில் வேலை செய்வது, லீவரை எம்-க்குத் தள்ளி மறுபடி டி-க்குக் கொண்டுவருவது. வண்டியோடு கொடுத்த கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

டி-யில் இருக்கும்போதே பேடில் இழுப்பதற்கும், லீவரை எம் (அல்லது எஸ்) நிலையில் வைத்துவிட்டு இழுப்பதற்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. முதலாவது தற்காலிகம். காரே முடிவு செய்து மறுபடி தானியங்கிக்கு மாறிக்கொள்ளும். ஓவர்டேக் போன்ற சில விநாடி வேலைக்கு அது போதும். இரண்டாவதில் நீங்கள் போட்ட கியர் நிலைத்து நிற்கும். நீண்ட மலை இறக்கத்துக்கு இதுதான் வேண்டும். டி-யில் இருந்தபடி இரண்டாம் கியருக்குக் குறைத்துவிட்டு நிம்மதியாக இறங்கும்போது, கார் சத்தமில்லாமல் டி-க்குத் திரும்பி நான்காம் கியருக்கு ஏறிக்கொண்டால் அடுத்த வளைவில் திடுக்கிட வேண்டியதுதான்.

மலை இறக்கம்

மலைப்பாதையில் பஸ், லாரி ஓட்டுபவர்களிடம் பழைய விதி ஒன்று இருக்கிறது: ஏறின கியரில்தான் இறங்க வேண்டும். நீலகிரிப் பாதைகளில் "இரண்டாம் கியரில் செல்லவும்" என்று பலகை வைத்திருப்பதும் இதற்குத்தான். மேனுவல் கார்க்காரர் அதைப் படித்துவிட்டு லீவரை மாற்றிக்கொள்கிறார். ஆட்டோமேட்டிக் கார்க்காரர் அது தனக்கில்லை என்று நினைத்துக் கடந்துபோகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டி-யில் விட்டால் என்ன ஆகும்? இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடுவதில்லை. கால் எடுத்தாயிற்று, வேகமும் இருக்கிறது, அப்படியானால் எரிபொருள் மிச்சம் பண்ணலாம் என்று கியர்பாக்ஸ் தன் பாட்டுக்கு மேல் கியருக்குப் போகப் பார்க்கும். மேல் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. வண்டி உருண்டு வேகமெடுக்கும், நீங்கள் பிரேக்கை மிதிப்பீர்கள், மறுபடி உருளும், மறுபடி மிதிப்பீர்கள். சரிவை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் புத்திசாலி கியர்பாக்ஸ்களும் உண்டு. ஆனால் முன்னால் வரும் வளைவு அதன் கண்ணுக்குத் தெரியாது, உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் ஏறத்தாழ 1900 மீட்டர் இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் கொஞ்சத்தைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள பெரும்பங்கை யாராவது தாங்கியாக வேண்டும். எல்லாவற்றையும் நான்கு சக்கரத்து பிரேக்கின் தலையில் கட்டினால் அது தகதகவென்று சூடேறும். சூட்டில் பிரேக் பேடின் பிடிமானம் குறையும். இன்னும் ஏறினால் பிரேக் ஆயிலே கொதிக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கான அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

எஞ்சின் இந்தச் சுமையைச் சூடேறாமல் வாங்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழி மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை உறிஞ்சத் திணறுகின்றன. அந்தத் திணறல்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. கியர் குறையக் குறைய எஞ்சின் வேகமாகச் சுற்றும், பிடிப்பும் கூடும். டீசலில் அப்படிக் காற்றை அடைப்பது குறைவு என்பதால், அதே பிடிப்புக்குச் சில சமயம் இன்னொரு கியர் குறைக்க வேண்டியிருக்கும்.

இனி செய்முறை. இறக்கம் தொடங்கும் முன்பே, சமதளத்தில், லீவரை எம்-க்கு மாற்றி மூன்றாம் கியருக்கு வந்துவிடுங்கள். சரிவில் வேகம் எடுத்தபிறகு கியரைக் குறைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வேகம் அதிகமாக இருந்தால் பேடிலை எத்தனை முறை தட்டினாலும் கார் மறுக்கும். எஞ்சின் சிவப்புக் கோட்டை (ஆர்பிஎம் மீட்டரில் எஞ்சினின் எல்லையைக் காட்டும் குறி) தாண்டும்படியான கியரை எந்தக் கம்ப்யூட்டரும் போடாது, டக்கென்று ஒரு மணி அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அப்போது முதலில் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

சரி, எந்தக் கியர்? காலை இரண்டு பெடலிலிருந்தும் எடுத்துவிட்டுப் பாருங்கள். வேகம் ஏறிக்கொண்டே போனால் இன்னொரு கியர் குறையுங்கள். வேகம் ஒரே அளவில் நின்றால் அதுதான் சரியான கியர். வண்டி திணறி நிற்கப் பார்த்தால் ஒன்று கூட்டுங்கள். மற்ற எல்லா விதிகளும் இதற்கு அப்புறம்தான். 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் கார் ஒன்றில் 40 கி.மீ. வேகத்தில் மூன்றாம் கியரில் சுமார் 1900 ஆர்பிஎம் இருக்கும், இரண்டாவதில் 2900 பக்கம். குன்னூர்ப் பாதை போன்ற சரிவில் இரண்டாவதுதான் பெரும்பாலும் பொருந்தும். ஆர்பிஎம் 3000, 3500 என்று போனால் பயப்பட வேண்டாம். பெட்ரோல் எஞ்சின்கள் 6000 சுற்றையும் தாங்குபவை. பின் சீட்டில் இருப்பவர்கள் "என்ன இப்படிக் கத்துது?" என்று கேட்பார்கள். கத்தட்டும்.

கொண்டை ஊசி வளைவு வருகிறது. வளைவுக்கு முன்னால் உள்ள நேர்ப்பகுதியிலேயே பிரேக்கை அழுத்தி மிதித்து வேகத்தை 15, 20-க்குக் கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் அப்போதே இடது பேடில் ஒரு தட்டு. அப்புறம் ஹாரன், அப்புறம் ஸ்டீயரிங். வளைவில் கியரும் மாற்ற வேண்டாம், பிரேக்கையும் முடிந்தவரை தொட வேண்டாம். மேலேறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பது மலைப்பாதையின் முறை. இறங்குகிற நாம் நின்று கிளம்புவது சுலபம், ஏறுகிறவருக்கு அப்படியில்லை. கல்லட்டியில் 36 வளைவு, வால்பாறைப் பாதையில் 40, கொல்லிமலையில் 70. ஒவ்வொன்றிலும் இதே வரிசைதான்.

பிரேக்கை எப்படி மிதிப்பது என்பதும் முக்கியம். காலை லேசாக வைத்தபடியே இறங்குவது எல்லாவற்றிலும் மோசமான வழி. பிரேக்குக்கு ஆறவே நேரம் கிடைக்காது. நன்றாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, முழுவதுமாக விட்டுவிட வேண்டும். நடுவில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆறும்.

எஞ்சின் பிரேக்கிங்கில் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் ஒட்டி வருபவருக்கு நீங்கள் வேகம் குறைத்ததே தெரியாது. கியரைக் குறைக்கும் சமயம் கண்ணாடியைப் பாருங்கள். யாராவது நெருக்கமாக வந்தால் பிரேக் பெடலை லேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுங்கள்.

கருகல் வாடை வந்தால் அது பெரும்பாலும் பிரேக்தான். அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, எஞ்சினை ஓட விட்டோ நிறுத்தியோ அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் டிஸ்க் கோணிப்போகவோ விரிசல் விடவோ வாய்ப்புண்டு. பெடல் உள்ளே போக ஆரம்பித்துவிட்டால், விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப மிதித்தபடி இடது பேடிலைத் தட்டிக்கொண்டே வாருங்கள், வேகம் குறையக் குறையக் கீழ்க் கியர்களைக் கார் ஏற்றுக்கொள்ளும். கூடவே ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். சுவிட்ச் வகை பார்க்கிங் பிரேக் என்றால் அதை இழுத்துப் பிடித்தபடியே இருங்கள், பெரும்பாலான கார்களில் அது அவசர பிரேக்காக வேலை செய்யும்.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணக்கே தப்பு. கியரில் இருந்தபடி காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்களில் எரிபொருள் ஊசி அடியோடு நின்றுவிடும். வண்டியின் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால், எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். உடனடி மைலேஜ் காட்டும் திரை உங்கள் காரில் இருந்தால் இரண்டாம் கியரில் இறங்கும்போது பாருங்கள், அளவு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏற்றம்

ஏறும்போது பேடில் அவ்வளவு அவசியமில்லை. டி-யில் விட்டாலே போதும், ஆக்ஸிலரேட்டர் அழுத்தத்தைப் பார்த்துக் கியர்பாக்ஸ் புரிந்துகொள்ளும். சில சமயம் மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மாறி மாறித் தடுமாறும். பின் சீட்டுக் குழந்தைக்கு வாந்தி வர இதுவும் ஒரு காரணம். அப்போது எம்-இல் இரண்டாவதைப் பிடித்துவைத்தால் பயணம் சீராகும்.

டிசிடி, ஏஎம்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஏற்றத்தில் வரும் நெரிசல். சீசனில் குன்னூர் ஏற்றத்தில் வண்டி வண்டியாக நகரும்போது, பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைத்தால் கிளட்ச் தேய்ந்து சூடாகும். முதல் கியரைப் பேடிலால் பிடித்துவைத்தாலும் அந்தச் சூட்டிலிருந்து தப்ப முடியாது. முன் வண்டி கொஞ்ச தூரம் போகும்வரை பிரேக்கிலேயே நின்று, இடைவெளி கிடைத்ததும் ஒரே மூச்சில் நகருங்கள். ஆட்டோ ஹோல்டு (நின்றபின் காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்துவைக்கும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஓவர்டேக்

இருவழிச் சாலை. முன்னால் கரும்பு லாரி. எதிரே காலியாகத் தெரிகிறது. ஆட்டோமேட்டிக்கில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கியர்பாக்ஸ் யோசித்து, இரண்டு மூன்று கியர் குறைத்து, அதன் பிறகே வண்டி பாயும். அந்த யோசனை நேரத்தை நீங்கள் எதிர்த் தடத்தில் கழிக்கக்கூடாது. பேடிலின் பயன் இதுதான்: கியரைக் குறைக்கும் வேலையை லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு. 6 ஸ்பீடு காரில் 80 கி.மீ. வேகத்தில் ஆறாம் கியர் என்றால் ஆர்பிஎம் 1600-ஐ ஒட்டி இருக்கும். இடது பேடிலை இரண்டு தட்டு தட்டினால் நான்காம் கியர், சுமார் 2800. மூன்று தட்டு என்றால் மூன்றாம் கியர், 3700 பக்கம். எத்தனை தட்டு என்பதை உங்கள் எஞ்சின்தான் சொல்ல வேண்டும். ஹூண்டாயின் 1.5 டீசல் தன் 250 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 1500 முதல் 2750 சுற்றுக்குள் தருகிறது. நான்காவதே தாராளம், மூன்றாவதுக்குப் போனால் சத்தம்தான் மிச்சம். டர்போ பெட்ரோல்களும் ஏறக்குறைய அப்படித்தான். பிரெஸ்ஸாவில் உள்ள டர்போ இல்லாத 1.5 பெட்ரோலுக்கு உச்ச இழுவிசையே 4000 சுற்றுக்கு மேல்தான். அதில் மூன்றாவதுக்குக் குறைக்காமல் வெளியே வந்தால் பாதி லாரி தாண்டும்போது வேர்க்கும்.

வரிசை இப்படி: லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு ஓட்டியபடி பாருங்கள், எதிர்ச் சாலை தெளிவாக இருந்தால் இன்டிகேட்டர், இடது பேடிலைத் தேவையான அளவு தட்டுங்கள், ஆர்பிஎம் ஏறியதைக் காதால் உறுதி செய்துகொண்டு வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். தாண்டி உள்ளே வந்தபின் டி-க்குத் திரும்பினால் போதும், வலது பேடிலை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எதிரே ஏதாவது தெரிந்தால் பிரேக்கை மிதித்து லாரிக்குப் பின்னாலேயே போய்விடுங்கள். கியர் ஏற்கெனவே குறைந்திருப்பதால் பின்வாங்குவதும் வேகமாக நடக்கும்.

மழையிலும் ஊருக்குள்ளும்

ஈரச் சாலையில் ஒரேயடியாக இரண்டு மூன்று கியர் குறைத்தால், எஞ்சினின் பிடிப்பு முன் சக்கரங்களில் மட்டும் விழுந்து அவை வழுக்கப் பார்க்கும். ஒவ்வொன்றாகக் குறையுங்கள், அதுவும் நேர்ச்சாலையில். ஊர் நெரிசலில் பேடிலுக்கு வேலையே இல்லை. சிக்னலுக்கு முன்னால் தட்டித் தட்டிக் குறைத்து நிற்பது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம். அங்கே பிரேக்கை மிதிப்பதே சரி, பிரேக் பேடு மாற்றுவது மலிவு.

கியர்பாக்ஸ் கெட்டுப்போகுமா?

அதிகம் கேட்கப்படும் சந்தேகம் இது. தேவையான இடத்தில் பயன்படுத்தினால் கெடாது. தப்பான கியரைக் கம்ப்யூட்டர் ஏற்காது. வேகம் மிகவும் குறைந்தால் தானே கீழ்க் கியருக்கு இறங்கிக்கொள்ளும், எஞ்சின் அணைந்துபோகாது. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். சில கார்கள் எம்-இல் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் தானாக மேல் கியருக்குப் போகும், சில கார்கள் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். உங்களுடையது எந்த ரகம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நாள் முழுக்க எம்-இல் அதிக ஆர்பிஎம்-இல் ஓட்டினால் மைலேஜ் அடிவாங்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஹைபிரிட், மின்சாரக் காரில் உள்ள பேடில்

தோற்றம் ஒன்று, வேலை வேறு. ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வேரியன்ட்டிலும், நெக்ஸான் ஈவி, அயோனிக் 5 போன்ற மின்சாரக் கார்களிலும் பேடில் மாற்றுவது கியரை அல்ல, ரீஜென் அளவை. காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். சிட்டி ஹைபிரிட்டிலும் அயோனிக் 5-லும் இடதை இழுத்தால் பிடிப்பு கூடும், வலதை இழுத்தால் குறையும். அயோனிக் 5-ல் இடது பேடிலைப் பிடித்து இழுத்தால் வண்டியை நிறுத்தும் அளவுக்குக்கூட வேகம் குறையும்.

மலை இறக்கத்தில் இது எஞ்சின் பிரேக்கிங்கைவிட லாபம். வெப்பமாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி, கீழே வந்து சேரும்போது சார்ஜ் கூடியிருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரம் போக இடமில்லை, ரீஜென் பலவீனமாகிவிடும் அல்லது வேலை செய்யாது, எல்லாச் சுமையும் மறுபடி பிரேக்குக்கே வரும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ராத்திரி தங்கி ஹோட்டலில் சார்ஜ் போடுபவர்கள் காலையில் இறங்குவதாக இருந்தால் 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள்.